யார் அறுத்த கறி?

ரெண்டு கிலோ ஆட்டுக்கறி அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு அமீர்ஜான் வந்து தாவூதின் தலையில் இடியைப் போட்டான்.

"மீர் சாயபு கடையிலயா வாங்கினே? அடப்பாவி! அவரு ஷியாப்பா, நம்மள மாதிரி சுன்னி இல்ல. கையைக் கட்டாம தொங்கப் போட்டுகினு தொழுதாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

தாவூதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணிக்குச் சாப்பிட வரப்போகிறவர் இன்ஜினியர் அன்வர். நிலக்கரி மைன்ஸில் மூன்று வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடக்கும் தாவூதைப் பர்மனென்ட் ஆக்கும் காகிதம் அவர் மேஜையில் இருக்கிறது. ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், வடக்குத்து ஊரில் இருக்கும் இந்த ஒற்றை அறை வாடகை வீட்டை விட்டு, குழாயும் கரண்டும் உள்ள குவார்ட்டர்ஸுக்குப் போய்விடலாம்.

விருந்துக்கு அழைத்தபோது அந்த மனுஷர் கேட்டது ஒரே கேள்வி.

"கறி யாரு அறுக்கிறது?"

"மார்க்கெட் மீர் சாயபுங்க சார்."

"அப்ப சரி. வர்றோம்."

பாவம், விவரம் தெரியாமல் சரி என்றிருக்கிறார்! ஷியா அறுத்த கறி என்று சாப்பிட்ட பிறகு தெரிந்தால் காகிதம் கிழிந்துவிடாதா?

"பிஸ்மில்லான்னு அல்லா பேரைச் சொல்லித்தானே அறுத்தாரு? அப்புறம் என்னாங்க?" என்றாள் மனைவி ஜொகரா.

"நமக்கு ஒண்ணுமில்ல. இன்ஜினியருக்கு? எறக்கு சட்டியை!"

கொதிக்கிற சட்டி அப்படியே பக்கத்து வீட்டு ராஜாம்பாளிடம் போய்ச் சேர்ந்தது.

"என்னா பாய், சட்டியோடயா? நெசமாவா?" அவள் வாய் மூடவில்லை.

தாவூது சைக்கிளில் பறந்து ஒரு சேவல் வாங்கினான். அறுக்கச் சரியான ஆள் வேண்டுமே! ஒர்க்ஷாப்பில் கூட வேலை பார்க்கும் காயல்பட்டினத்துச் செய்தகமது நினைவுக்கு வந்தார். ஐந்து வேளை தொழுகிறவர். அவரும் மறுக்காமல் வந்து, கதை பேசிக்கொண்டே அறுத்துக் கொடுத்தார்.

"பிஸ்மில்லா சொன்னீங்கதானே?" என்று சும்மா கேட்டு வைத்தான் தாவூது.

செய்தகமது யோசித்தார். "பேச்சு வாக்குல சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்லையே. பரவாயில்லை தம்பி, எங்க ஷாபி மத்ஹபுச் சட்டத்துல விட்டுப்போனாலும் செல்லும்."

"நாங்க ஹனபி மத்ஹபாச்சேங்க!"

மறந்து விட்டுப்போனால் ஹனபியிலும் செல்லும் என்பது தாவூதுக்குத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் பயம் அதிகம். சேவலும் சுவரைத் தாண்டிப் போனது.

"இன்னிக்கி எதுனா வேண்டுதலா பாய்? எங்க வூட்டுக்காரரு லீவு போட்டுட்டு குந்திகினு இருக்காரு" என்றாள் ராஜாம்பாள்.

மணி பன்னிரண்டு. இனி யாரையும் நம்புவதற்கில்லை. தன் கையே தனக்கு உதவி. கொல்லையில் மேய்ந்த வீட்டுக் கோழியைப் பிடித்தான்.

"ஏங்க, அது முட்டை வெக்கிற கோழிங்க!" என்று ஜொகரா அலறினாள்.

"பர்மனென்ட் ஆனா பத்துக் கோழி வாங்கித் தரேன்."

தாவூது கத்தியைத் தீட்டினான். மக்கா இருக்கும் கிப்லாத் திசை பார்த்து நின்றான். மறக்கக் கூடாதென்று பிஸ்மில்லாவை நான்கு முறை சொன்னான். ஐந்தாவது முறை சொல்லும்போது கையிலிருந்து நழுவிய கோழி, கூரை ஏறி, அந்தப் பக்கம் குதித்துவிட்டது.

"உயிரோடயும் அனுப்பறீங்களா பாய்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

ஒரு மணிக்கு இன்ஜினியர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவை ஜொகரா திரைக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனாள். இன்ஜினியர் பாயில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. கத்திரிக்காய் சாம்பார் விழுந்தது. அப்பளம் விழுந்தது. அவர் அடுத்து வரப்போவதற்காக அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராஜாம்பாள் வீட்டுக் கறிக்குழம்பு வாசனைதான் வந்தது.

"தாவூது, கறி..?"

இதற்காகத்தானே காத்திருந்தான்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"சமைச்சோங்க சார். பாதி வேகும்போதுதான் தெரிஞ்சுது, மீர் சாயபு ஷியாவாம்! ஆகாத கறியை உங்க தட்டுல வெச்சுடுவேனா? ரெண்டு கிலோவையும் சட்டியோட தூக்கிக் குடுத்துட்டேங்க!"

இன்ஜினியரின் கைச்சோறு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. முகம் சுண்டிப்போனது. தாவூது அப்பளத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். தப்பாக என்ன சொல்லிவிட்டோம்?

திரைக்குப் பின்னாலிருந்து இன்ஜினியர் மனைவியின் குரல் வந்தது:

"ஏங்க, எங்க மீர் அண்ணன் அறுத்த கறியைத் தவிர வெளியில வேற கறி தொட மாட்டோம்னு நீங்க இவங்ககிட்ட சொல்லவே இல்லையா?"