சலங்கைக்கு மட்டும் விலக்கு

பரதக் கலை இன்னும் அழியாமல் இருப்பதற்குச் சத்துவாச்சாரி நாட்டியத் தூய்மைப் பேரவையின் செயலாளர் பக்தவச்சலம்தான் காரணம். இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல், மேடைதோறும் அவரே சொல்லிவிடுவார், பாவம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆண்டு விழாவன்று பிற்பகலில் ஒரு சோதனை. முதல் நடனம் ஆட இருந்த சங்கீதாவின் அம்மா எழிலரசி, ஷிஃப்ட் முடிந்து ஆம்பூர் தோல் கம்பெனிச் சீருடையோடு நேராக வந்து இறங்கினாள். பக்தவச்சலம் பதறிப்போய் அவசரக் கூட்டம் கூட்டினார். "தோல் சம்பந்தப்பட்ட எதுவும் இந்தப் புனித மேடையில் ஏறக் கூடாது" என்ற தீர்மானம், காபி ஆறுவதற்குள் 'ஏகமனதாக' நிறைவேறியது.

"சின்னதுலேர்ந்து இங்கதான் சார் கத்துக்கினா. நல்லா ஆடறான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் எழிலரசி.

"இப்பவும் சொல்றேம்மா. அவ ஆடறதுல ஒரு குறையும் இல்ல. ஆடாம இருந்தா போதும்."

கட்டிய சலங்கையை அவிழ்க்காமலே சங்கீதா வாசல்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

கலை காப்பாற்றப்பட்டது! காவலாளி பெருமாளை வாசலில் நிறுத்தி, "தோல்னு இருந்தா யாரையும் உள்ள விடாத" என்று கட்டளையிட்டுவிட்டு, பக்தவச்சலம் நெற்றிக்குச் சந்தனம் இட்டுக்கொண்டார்.

தலைமை விருந்தினர் வந்து முன்வரிசையில் அமர்ந்தாயிற்று. மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பக்தவச்சலம் வாசலுக்கு ஓடினார். மிருதங்க வித்வானும், சலங்கையும் கையுமாகப் பெண்களும் தெருவில் நின்றார்கள். அவருடைய மகள் நித்யஸ்ரீயும் நின்றாள்.

"இன்னாய்யா இது அநியாயம்?"

"நீங்க சொன்னதுதான் சார். மிருதங்கத்துல ரெண்டு பக்கமும் தோலு. சலங்கைப் பட்டை எல்லாமே தோலு. உங்க வேட்டி பெல்ட்டு வேற இருக்குது. உங்கள எப்டி விட்டேன்னு அதான் யோசிச்சினு இருக்கேன்" என்றான் பெருமாள்.

பக்தவச்சலம் அங்கவஸ்திரத்தை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பேஜார் பண்ணாதய்யா! எல்லாரையும் உள்ள விடு!"

சங்கீதா சட்டென்று எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் முந்தி ஓடினாள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்ட?" என்று பக்தவச்சலம் குறுக்கே கையை நீட்டினார்.

"எல்லாரையும்னு சொன்னீங்களே சார்?" என்றாள் எழிலரசி.

அசருகிற ஆளா அவர்? நின்ற இடத்திலேயே தீர்மானத்தைத் திருத்தினார். அன்றுமுதல் பேரவையின் புனித மேடையில் மாட்டுத் தோல் ஏறலாம், ஆட்டுத் தோல் ஏறலாம், செயலாளரின் பெல்ட்டும் ஏறலாம். எழிலரசி பெற்ற பெண் மட்டும் ஏறக் கூடாது.