யானைப்பாகன் மகளை நான் கொன்ற கதை

தடித் தடியான நாவல்களைப் படித்தவர்களைவிட, படித்த மாதிரி தலையாட்டியவர்கள்தான் உலகத்தில் அதிகம். தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் ஆயுசு முழுக்க மானத்தோடு வாழலாம். நான் வாயைத் திறந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பது, அம்பத்தூர் ஏரிக்கரையில் தவளைச் சத்தத்தோடு வளர்ந்தவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன் (சும்மா என்றால், கல்யாணத்துக்குக் காத்திருந்தேன் என்று பொருள்). திருமுல்லைவாயிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தயாளன். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பஜ்ஜி சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிடாமல், அவரே எழுந்து போய் பாத்திரம் துலக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். என் அப்பா தான் குடித்த தம்ளரை ஒரு சாண் நகர்த்தி வைத்துக்கூட நான் பார்த்ததில்லை. இந்த மனுஷனை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லை, நடந்து காட்டச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கத பொஸ்தகம்லாம் படிப்பியாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள். "எங்க கோமதியா? எப்பப் பாத்தாலும் பொஸ்தகமும் கையுமாத்தான் இருக்கும். சாப்பிடக் கூப்ட்டாக்கூட காதுல வுழாது."

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணுக்கு இல்லாத குணங்களை ஏற்றிச் சொல்வது தாய்மார்களின் கடமை. அம்மா சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. என் கையில் எப்போதும் புத்தகம் இருக்கும். அது டைப்ரைட்டிங் புத்தகம்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கூட்ல ஒருத்தருக்கும் கத படிக்கற பழக்கமே கெடையாது. படிச்சிட்டு பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்னு எத்தினி நாளா ஏங்கிகினு கீறேன் தெரியுமா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே நாலு பாகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டி, முதுகுக்குப் பழைய புடவைக் கரை வைத்து, அந்த அம்மாள் தன் கையாலேயே பைண்டு செய்தது. "படிச்சி வெக்கச் சொல்லு, எப்பிடி கீதுன்னு நான் கேக்கணும்னு சொன்னா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். நிச்சயதார்த்தத் தேதியைப் பற்றிப் பேச்சே இல்லை. முதலில் பரீட்சை, அப்புறம்தான் தாம்பூலம் என்று எனக்குப் புரிந்தது.

ராஜா காலத்துக் கதை. முதல் அத்தியாயத்தில் சூரியன் மறைய ஆரம்பித்தது. மலை, மலையின்மேல் மேகம், மேகத்தின் நிறம், ஆற்றில் அந்த நிறத்தின் நிழல் என்று போய்க்கொண்டே இருந்ததே தவிர சூரியன் மறையவில்லை. நான்தான் புத்தகத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் திரும்ப ஆரம்பித்தேன். சூரியன் அதே இடத்தில் இருந்தது.

ஆனால் கிழித்துச் சேர்த்த பக்கங்களில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பக்கத்தில் கதை என்றால் அதன் முதுகில் ஜோக்கு, வார பலன், பலகாரக் குறிப்பு, தலைவலித் தைல விளம்பரம். அவற்றை ஒன்று விடாமல் படித்தேன். என் ராசிக்கு நான் பிறப்பதற்கு முன்பே வீண் வம்பு வரும் என்று போட்டிருந்தார்கள் (அப்போதே உஷாராகியிருக்கலாம்).

அப்புறம்தான் அந்தப் பொக்கிஷம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்துக்கு மேலே கட்டம் கட்டி 'முன்கதைச் சுருக்கம்' இருந்தது. சூரியனும் கிடையாது, மேகமும் கிடையாது. யார் வந்தார், யார் போனார், யார் யாருக்கு விஷம் வைத்தார், அவ்வளவுதான். எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நாலு பாகத்திலும் கட்டங்களை மட்டும் படித்து முடித்தேன். யானைப்பாகன் மகள் அல்லிக்கும் படைத்தலைவன் நெடுங்கோவுக்கும் காதல். நடுவில் ஒரு பொல்லாத ராணி. கடைசிக் கட்டத்தில், அல்லி வெள்ளம் வந்த ஆற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே இருந்த அத்தியாயத்தை நான் தொடவில்லை. அங்கேதான் என் தலையெழுத்து இருந்தது.

"பொஸ்தகத்தைக் குடுக்க வர்றப்ப பொண்ணையும் இட்டுகினு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நிச்சயத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே என்னை ரயிலேற்றினாள். அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். முறையாகப் பயப்படக்கூட நேரம் போதவில்லை.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். தயாளன் வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தார். என் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு தம்ளரோடு எதிரே உட்கார்ந்தார் அவர் அம்மா.

"நெடுங்கோ செறையிலருந்து எப்பிடி தப்பிச்சான், சொல்லு பாப்போம்."

"சொரங்க வழியா, அத்தை. யானைக் கொட்டடியில வந்து முடியுமே."

"வெஷம் வெச்சது?"

"ராணிதான். பழியத் தூக்கி சமையக்காரன் மேல போட்டுடுவா."

"பாத்தியா?" என்று வீட்டுக்காரரைப் பார்த்தார் அத்தை. "இதுதான் படிக்கற பொண்ணு. நீயும் கீறியே." என் அம்மாவுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது. எனக்கும்தான். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

"செரி, முடிவு இன்னா தோணுச்சு ஒனுக்கு?"

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. புத்தகம் எவ்வளவு தடியோ, கடைசியில் அவ்வளவு பேர் சாவார்கள். ஆற்றில் வேறு விழுந்திருக்கிறாள்.

"அல்லி செத்ததும் எனக்கு ரெண்டு நாள் சோறே எறங்கல அத்தை" என்றேன்.

அத்தையின் தம்ளர் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. "அல்லி பூட்டாளா?"

"ஆத்தோட பூட்டா அத்தை. அவ மேலாக்கு மட்டுந்தான் நெடுங்கோ கையில சிக்குது. அதப் புடிச்சிகினு கரையிலயே நிக்கறான்." (பொய்க்கு நெய் ஊற்றினால் மணக்கும் என்று நினைப்பு.)

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா அவள உசுரோட வெச்சிருந்தனேம்மா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, கடைசி வாரம் ஒனுக்கு எங்க கெடச்சுது?" என்று கேட்டார்.

"எந்தக் கடைசி வாரம்?"

அவர் நாலாம் பாகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில், ஒரு நட்சத்திரக் குறிக்குக் கீழே, 'அடுத்த இதழில் முடியும்' என்று அச்சடித்திருந்தது.

"அந்த வாரந்தான் இவன் பொறந்தான்" என்று தயாளனைக் காட்டினார். "நான் ஆஸ்பத்திரில கெடக்கறேன். பொஸ்தகம் வாங்கியாய்யான்னு சொல்லி அனுப்புனா, புள்ள பொறந்த குஷியில இந்தாளு மறந்துட்டாரு. அப்பால ஸ்டேஷன் கடையில தீந்து பூட்சி. கேக்காத ஆளு இல்ல. தனிப் பொஸ்தகமாவும் வரல. அதான் கேக்கறேன், ஒனுக்கு மட்டும் எப்பிடிம்மா கெடச்சுது?"

லெண்டிங் லைப்ரரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அம்மாள் அல்லிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இல்லாத ஒரு சாவுக்கு இன்னொரு பொம்பளையை அழவைத்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

"அத்தை, நான் முன்கதைச் சுருக்கம் மட்டுந்தான் படிச்சேன்."

"அப்ப அல்லி சாவலையா?"

"தெரியாது அத்தை. நானாத்தான் கொன்னுட்டேன்."

என் அம்மா எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாடி போலாம். என் மானத்த வாங்குனது போதும்" என்றாள்.  தட்டெடுத்து வைக்கிற மாப்பிள்ளை கைவிட்டுப் போகிறாரே என்று அழுகை முட்டியது. வாசற்படியில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். அது வேறு இன்னும் ஆத்திரம்.

அத்தை சிரிக்கவில்லை.  "கொன்னது நீதான? நீயே பொழைக்க வெச்சி எழுதி எடுத்துகினு வா. நிச்சயதார்த்தத்த அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லி, நாலு பாகத்தையும் திரும்ப என் மடியிலேயே வைத்தார்.

ஆற்றில் கிடக்கிறவளைக் கரையேற்ற வேண்டுமானால், அவளுக்கு நீச்சல் தெரியுமா என்றாவது பார்க்க வேண்டும். அதைச் சுருக்கத்தில் போடவில்லை. முதல் பாகத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அந்தச் சூரியன் மறைய ஒரு வாரம் பிடித்தது. முதல் பாகம் மலையேற்றம். இரண்டாம் பாகத்தில் எங்கேயோ, எனக்கே தெரியாமல், உள்ளே விழுந்துவிட்டேன். மூன்றாம் பாகத்தின்போது அம்மா அடுக்களையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. அவள் சொன்ன பொய்யை நான் மெய்யாக்கிக்கொண்டிருந்தேன். அதற்காகவும் திட்டினாள்.

அல்லி குட்டியிலிருந்து வளர்த்த யானை ஒன்று இரண்டாம் பாகத்திலேயே காட்டுக்குள் ஓடியிருந்தது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை அழைத்து வந்து ஆற்றில் இறக்கினேன். அல்லியைத் தும்பிக்கையால் தூக்கிக் கரையில் வைத்தது. எல்லாவற்றையும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கெஞ்சி, தமிழ் மெஷினில் அடித்து, அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். மறுவாரம் தட்டு, தேங்காய், பழத்தோடு வந்துவிட்டார்கள். கல்யாணமாகிப் போனதும் முதல் வேலையாக நாலாம் பாகத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் தாள்களைக் கடைசியில் வைத்து அதே கோணி ஊசியால் தைத்திருந்தார் அத்தை. பசையில் மயில்துத்தத்தின் நீலம் தெரிந்தது.

அந்தப் பாகங்கள் எங்கள் தெரு முழுக்கச் சுற்றின. அங்கே யாரைக் கேட்டாலும் அல்லியை யானைதான் காப்பாற்றியது என்பார்கள்.

தொண்ணூறுகளில் அந்த நாவல் ஒருவழியாகத் தனிப் புத்தகமாக வந்தது. இவர் பூந்தமல்லிக்குப் போனபோது பார்த்து, ஆசையாக வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினார். "நான் பொறந்து உனக்குப் பண்ண நஷ்டத்துக்கு இந்தா, ஈடு." அத்தை அதைத் தொடவில்லை. "நீ மொதல்ல கடைசிப் பக்கத்தப் பாரும்மா" என்றார் என்னிடம்.

பார்த்தேன். நிஜக் கதையில் யானை வரவில்லை. அல்லி ஆற்றோடு போயிருந்தாள். நெடுங்கோ கரையில் நின்றிருந்தான். மேலாக்குகூட அவன் கையில் இல்லை.

"இன்னா போட்டுக்கீது?" என்றார் அத்தை.

"'அடுத்த இதழில் முடியும்'னு போட்டுக்கீது அத்தை" என்றேன்.

அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப செரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது மார்க் குறைந்தாலும், டாக்டரிடம் போய்த் திரும்பினாலும், என்ன ஆச்சு என்று கேட்டால் முதலில் வருகிற பதில் 'அடுத்த இதழில் முடியும்' என்பதுதான். கேட்டவர்கள் "அப்ப செரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போடுவார்கள்.