வேட்டிக்குள் ரிவால்வர் கட்டிய விதம்

மறைத்து வைப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான். நன்றாக மறைத்துவிட்டால், அது நம்மிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. பிறகு எதற்கு அதைச் சுமப்பது? துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய வீராதிவீரர்கள் எல்லோரையும் வாட்டும் கேள்வி இது. என்னையும் வாட்டியது.

எளாவூர்ப் பக்கம் நெல் நிலம் வைத்திருந்த என் பெரியப்பா காலமானதும், அவருடைய ரிவால்வர் முறைப்படி என் பெயருக்கு மாறியது. அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் புத்தி இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டர் நான். சம்பளப் பட்டுவாடாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதிகாரிகளிடம் காரணம் சொல்லியிருந்தேன். (பட்டுவாடா முழுக்க பேங்க் வழியாகவே நடந்தது. டீக்குக்கூட நான் போனில்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.)

துப்பாக்கி வந்துவிட்டது, எங்கே செருகுவது? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பாடம் படித்தேன். "உள்ளே இருப்பது உங்கள் மனைவிக்கே தெரியாது" என்று ஒரு தாடிக்காரர் அடித்துச் சொன்னார். முதலில் பேன்டின் உள்பக்கம் செருகும் தோல் உறை வாங்கினேன். அந்த இடத்துக்கு என் தொப்பையும் ரிவால்வரும் போட்டி போட்டன. தொப்பை சீனியர், அதுவே ஜெயித்தது. அடுத்து கணுக்கால் உறை. அதைக் கட்டிக்கொண்டு நான் நடந்த அழகைப் பார்த்த சூப்பர்வைசர், வாதமா என்று விசாரித்து ஒரு தைலத்தின் பெயர் சொன்னார். அக்குளில் தொங்கும் உறைக்கு மேலே கோட்டு போட வேண்டும். இரும்பு உருக்கும் ஆலைக்குள் கோட்டு போட்டுப் போனேன். வேர்க்குருவோடு திரும்பினேன்.

கடைசியாக வந்தது வயிற்றுப் பட்டி. பிரசவமான பெண்கள் கட்டும் பெல்ட் மாதிரி அகலமான எலாஸ்டிக், முன்னால் ஒரு பை. அதைக் கட்டி, மேலே வேட்டி சட்டை போட்டு, கண்ணாடி முன் நின்றேன், திரும்பினேன், கையைத் தூக்கினேன். அப்படியே பொருந்திவிட்டது. அறைக்குள் வந்த என் மனைவி விமலா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இன்னாங்க, குடலெறக்கமா?"

தாடிக்காரர் மீதிருந்த மரியாதை அப்போதே போயிருக்க வேண்டும். போகவில்லை.

அந்த மாதம் என் தங்கை பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை, ஊர் மீஞ்சூர். பிரியாவுக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது. இது தட்டிப்போனால் வேறு எவனையும் பார்க்கச் சொல்லாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா இல்லாததால் அவர் இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டியவன் நான். அப்படிப்பட்ட நாளில் அந்த மகாபுத்திசாலி வயிற்றுப் பட்டியைக் கட்டிக்கொண்டு போனான். நகைக்குப் பாதுகாப்பாம். விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது பேச்சுவாக்கில் சட்டையைத் தூக்கிக் காட்டலாம் என்பதுதான் உள்ளே இருந்த திட்டம். தோட்டாக்களை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன், அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார்.

வீடியோவில் வந்த அத்தனை பேரும் நின்றார்கள், நடந்தார்கள், காரில் ஏறினார்கள். ஒருவர்கூடப் பாயில் சம்மணம் போட்டு உட்காரவில்லை. நான் உட்கார்ந்ததுமே பட்டி சுருண்டுகொண்டது. மூச்சை இழுத்தால் ரிவால்வர் கீழே போனது, விட்டால் மேலே வந்தது. பத்திரிகை வாசித்து முடித்தார்கள். எதிரே மாப்பிள்ளையின் அப்பா தன் தட்டை நீட்டினார். நானும் இரண்டு கையாலும் எங்கள் தட்டைத் தூக்கி, பணிவாகக் குனிந்தேன்.

ரிவால்வர் எங்கள் தட்டில் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் நடுவே விழுந்தது.

தட்டைக் கீழே வைத்தால் அபசகுனம். தட்டில் வைத்ததைத் திரும்ப எடுத்தால் அதைவிடப் பெரிய அபசகுனம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் வாசிப்பதை விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நிதானமாகப் பார்த்தார்.

"வரதட்சணையே வாணாம்னு மொதல்லயே சொல்லிட்டோமே சம்மந்தி. இது இன்னாத்துக்கு?"

சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. இந்த மாதிரி ரவுடி வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா என்று தன் தம்பியிடம் கேட்டு, புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். என் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

உள்ளறையிலிருந்து பிரியா, அலங்காரத்தோடு, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் ரவுடியெல்லாம் இல்ல அத்த. ஊட்ல கரப்பாம்பூச்சி வந்தா, கட்டில் மேல ஏறி நின்னுக்கினு எங்க அண்ணிய கூப்புடும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. விமலா அது உண்மைதான் என்று தலையாட்டி, கட்டிலின் உயரத்தையும் கையால் காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார். அந்தச் சனியனைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தால்தான் முகூர்த்தத்துக்கு நாள் குறிப்போம் என்று நிபந்தனை போட்டார். மறுநாள் காலையில் சம்மந்தியே வந்து, தன் பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நான் ஒப்படைத்து ரசீது வாங்கும்வரை வாசலிலேயே நின்றார். நான் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது பிரியாவுக்கு ஒரு பெண் குழந்தை. மீஞ்சூரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், சம்மந்தி தெருமுனை வரைக்கும் வந்து என்னைக் கட்டிப்பிடித்துத்தான் வரவேற்கிறார். என்ன பாசம், என்ன மரியாதை என்று அக்கம்பக்கத்தார் உருகுகிறார்கள். அவருடைய இரண்டு கையும் என் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து கணுக்காலையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை நானும் சிரித்துக்கொண்டே நிற்கிறேன். அதன் பிறகுதான், "உள்ள வாங்க சம்மந்தி" என்பார்.