ஓடைக்கரைத் தெருவின் வற்றாத ஊற்று

வானகரம் ஓடைக்கரைத் தெருவின் பெருமையை உலகம் அறிந்துகொள்ளவிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கரையில் இருந்தவர்கள்: பறவை நோக்கர் சங்கத்தின் தலைவரும் காலஞ்சென்ற வேலுசாமியின் மூத்த குமாரருமான தட்சிணாமூர்த்தி, அவர் மனைவி அங்கம்மா, பூந்தமல்லியில் பைப் கடை நடத்தும் செயலாளர் பக்கீர் முகமது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் பொருளாளருமான மதுரைவீரன், ஓடைகளைக் கணக்கெடுக்க வந்த இளம் அதிகாரி கவிப்பிரியா, சங்கத் தொப்பி அணிந்த தெருவாசிகள் அனைவரும். தண்ணீரில் நின்றவை பவளக்காலிப் பறவைகளும் மடையான் கொக்குகளும். கரையில் ஒரு கீரியும் இருந்தது. ஆனால் அது தலைவர் உரை தொடங்கியதும் போய்விட்டது.

இயற்கையை நேசிப்பதில் இந்தத் தெருவுக்கு இணையான தெரு சென்னையில் கிடையாது. இது தட்சிணாமூர்த்தியின் கருத்து. அவர் குடும்பத்தில் கருத்துச் சொன்னால் அதை மாற்றும் வழக்கம் இல்லை.

ஆதாரம் கண்முன்னே இருந்தது. சித்திரை வெயிலில் செம்பரம்பாக்கம் ஏரியே ஓரம் வெடித்துக் கிடந்தது. இந்தத் தெருவின் மழைநீர் வடிகால் மட்டும், மழையே இல்லாமல், ஓடைக்குள் சலசலத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் போகும் நேரத்தில் அது பெருகும். ஞாயிறு மதியம் லேசான எண்ணெய்ப் பளபளப்புடன் வரும். பொங்கலுக்கு முன்பு வீடு கழுவும் நாளில் நுரைத்துப் பொங்கும். இந்த அதிசயத்துக்கு ‘வற்றாத ஊற்று’ என்று பெயர் சூட்டியவர் தட்சிணாமூர்த்தி. அவர் தந்தை வீடு கட்டிக் குடிவந்த வாரமே ஊற்று பிறந்தது என்பது குடும்ப வரலாறு.

ஊற்றின் வாயருகே பவளக்காலிகள், கறுத்த சிறகும் சிவந்த குச்சிக் கால்களுமாக, மணப்பெண் வீட்டுக்கு வந்த சம்பந்திகளைப் போல நிதானமாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. மணம் ஒன்றும் வீசியது. அது ‘சதுப்பு நிலத்தின் இயற்கை வாசம்’ என்று சங்கம் ஏற்கெனவே ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. உறுப்பினர்கள் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தது மரியாதைக்காக.

‘வேலுசாமி நினைவுப் பறவைத் துறை’ என்ற பலகை பட்டுத் துணி போர்த்தித் தயாராக நின்றது. அதிகாரி சரி என்றால் துணியை இழுக்க வேண்டியதுதான். அப்பாவின் பெயர் ஊரறிய நிற்பதைப் பார்க்க ஆவடியிலிருந்து உறவினர்கள்கூட வந்திருந்தார்கள்.

கவிப்பிரியா குனிந்து வடிகாலைப் பார்த்தாள்.

“சார், மழை பெஞ்சு எவ்ளோ மாசம் ஆச்சு?”

“மார்கழியோட சரி.”

“அப்ப இந்தத் தண்ணி?”

“ஊற்று.”

“ஊத்துல சோப்பு நுரை வருதே?”

“தாதுப்பொருள்மா அது,” என்றார் பக்கீர் முகமது.

“இன்னா தாது?” என்று காதைக் கடித்தார் மதுரைவீரன்.

“கம்னு இரு மாமே.”

அப்போது ஊற்றிலிருந்து ஒரு முருங்கைக்காய்ச் சக்கை மிதந்து வந்தது. சங்கமே அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தது. பறவை நோக்கர்களுக்கு அது கைவந்த கலை.

கவிப்பிரியா நிமிர்ந்தாள். “ஊத்துன்னா தாராளமா பலகை வைக்கலாம் சார். யாராவது வீட்டுக் கழிவை மழைநீர்க் கால்வாயில விட்டிருந்தா, அவங்க பேர்லயும் ஒரு பலகை வரும். அது நாங்க வைக்கறது.”

தட்சிணாமூர்த்தியின் முதுகு மேலும் நிமிர்ந்தது. “எங்கப்பா மேல ஆணையா சொல்றேன். எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூட இதுல கலக்கறதில்ல.”

அங்கம்மா சட்டென்று பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். தலைகீழாக.

“எங்க ஊட்டுதும் இல்லீங்க,” என்றார் பக்கீர் முகமது. “சத்தியமா என்து இல்ல,” என்றார் மதுரைவீரன். தெருவே முந்திக்கொண்டு ஆணையிட்டது. ஒழுக்கத்தில் இப்படி ஒரு போட்டியை வானகரம் அதற்குமுன் கண்டதில்லை.

“ரொம்ப நல்லது,” என்றாள் கவிப்பிரியா. “யாருதும் இல்லாத தண்ணி. அடைச்சுப் பாக்கலாமா?”

“தாராளமா,” என்றார் தட்சிணாமூர்த்தி. வேறு எந்த வார்த்தைக்கும் அவர் பரம்பரையில் இடமில்லை. கவிப்பிரியாவுடன் வந்த ஆட்கள் செங்கல்லும் சிமென்டும் வைத்து வடிகாலின் வாயைப் பூசிவிட்டார்கள். பலகையின் துணி அப்படியே இருந்தது. பவளக்காலிகள் மதியத்துக்குள் கிளம்பிப் போயின.

மறுநாள் ஊற்று வேலுசாமி இல்லத்தின் குளியலறையில் பிறந்தது.

“இன்னாய்யா, உன் ஊத்து ஊட்டுக்குள்ள வந்துகினு கீது! அப்பன் பேரைக் காப்பாத்திட்டே. பாத்ரூமை யாரு காப்பாத்துவா?” என்றார் அங்கம்மா.

“சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.”

“கேக்கட்டும்! அவன் ஏன் ஜன்னலைச் சாத்திக்கினு கீறான்?”

தட்சிணாமூர்த்தியும் ஜன்னலைச் சாத்தினார். துண்டையும் சோப்பையும் பையில் போட்டுக்கொண்டு, மண்ணூர்பேட்டையிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினார். “பார்த்து நாளாச்சுடா,” என்று தம்பியிடம் சொல்லிக்கொள்ளலாம். பஸ்ஸில் பக்கீர் முகமது இருந்தார். அவர் மடியிலும் ஒரு பை. பையிலிருந்து துண்டின் நுனி தெரிந்தது. இருவரும் செம்பரம்பாக்கத்தில் பறவை வரத்து குறைந்துவிட்டது பற்றி வழிநெடுக விசாரப்பட்டார்கள்.

அதற்கடுத்த விடியலில், அங்கம்மா பேச்சை அடியோடு நிறுத்திக்கொண்ட காரணத்தால், தட்சிணாமூர்த்தி ஓடைக்கரைக்குப் போனார். கழுத்தில் பைனாகுலர். வேட்டி மடிப்பில் கடப்பாரை.

வடிகால் வாயருகே பக்கீர் முகமது நின்றிருந்தார்.

“பறவை பாக்கவா அண்ணாத்தே?”

“ஆமா. நீங்க?”

“பறவைதான்.”

“முதுகுக்குப் பின்னால என்ன?”

“இதுங்களா? பைனாகுலருக்கு ஸ்டாண்டு.” அது கடப்பாரை. தட்சிணாமூர்த்தியுடையதைவிட நீளம்.

புதரை விலக்கிக்கொண்டு மதுரைவீரன் வந்தார், சம்மட்டியுடன். “மடையான் சத்தம் கேட்டுச்சு,” என்றார். பிறகு ஒவ்வொருவராக, சங்கத் தொப்பியுடன், தெரு முழுவதும் வந்து சேர்ந்தது. உளி வைத்திருந்தவர்கள் உண்டு. அம்மிக் குழவியைத் தூக்கி வந்தவரும் உண்டு. ஓடையில் ஒரு பறவைகூட இல்லை. அத்தனை பேரும் அதை மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கீர் முகமதுதான் ஒதுங்கி வழிவிட்டார். “தலைவர்ன்ற முறையில மொத அடி உங்களுது, அண்ணாத்தே.”

கௌரவம் தேடி வந்தால் மறுப்பது வேலுசாமி குடும்பத்தில் வழக்கமில்லை. தட்சிணாமூர்த்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திறப்பு விழாவுக்குரிய கம்பீரத்துடன் கடப்பாரையை ஓங்கினார். தெரு கைதட்டியது. டீ வருவதற்குள் பவளக்காலிகள் திரும்பிவிட்டன.

ஓடையில் கழிவுநீரை விடுவது வேலுசாமி குடும்பம் ஒன்றுதான் என்று வானகரத்தில் இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. குடும்ப கௌரவத்தை முன்னிட்டு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அது சுத்தப் பொய். விடாத வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை.