வலியில்லாதவரின் முதுகுப் பட்டை

தனக்கு முதுகு வலி என்று அவர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

வலி ஒன்றும் இல்லை. முடிவு மட்டும்தான்.

பை தைக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, மலை ஏறுகிறவன் மாட்டிக்கொள்ளும் பை என்று அவர் பட்டை வைத்துத் தைக்காத பை கிடையாது. அங்கே எல்லோருக்கும் அவர் 'பட்டையார்'. நாற்பது மிஷின் ஓடும் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய மனுஷனை, ஓய்வு கொடுத்து மூன்று அறை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊர். மனைவிக்குப் பார்சல் ஆபீஸில் இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் வீட்டில் வாய் திறப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் 'டர்ர்' என்று ஆரம்பிக்கும். அவர் ஆசையாகத் திரும்பிப் பார்த்தால் கப்பென்று நிறுத்திக்கொள்ளும்.

வந்த பிறகாவது பேசுவாளா? வந்ததும் சமையல், சாப்பாடு. அப்புறம் பாயை விரித்து மல்லாந்துவிடுவாள். ஒரு நாள் அவர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் பதினேழு வார்த்தை. அதில் ஒன்பது 'ம்'.

ஆகவே முதுகு வலி.

"ஐயோ!" என்றார்.

"என்னங்க, சோப்பு வழுக்கிச்சா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சுடி!"

வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வலிக்குது?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. "முதுகுலதான்."

"முதுகு என்ன சின்ன இடமா? மேலயா, கீழயா?"

"நீயே தொட்டுப் பாரேன்."

இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கமாக ஒரு விரலை வைத்து அழுத்தினாள். "இங்கதானே? நின்னுக்கிட்டே இருந்தா சுரீர்னு இழுக்கும். குனிஞ்சு நிமிர்ந்தா முழங்கால் வரைக்கும் ஓடும்."

"அதேதான்! எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றே?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து ஒரு பெல்ட் வாங்கி வந்தாள். மாட்டிக்கொண்டு அவர் கதவு நிலை மாதிரி நின்றார். உட்கார்ந்தால் விலாவில் இடித்தது. வேர்த்துக் கொட்டியது.

"இதைத் தைச்சவன் ஜென்மத்துல மனுஷ முதுகையே பார்த்திருக்க மாட்டான்."

"நீங்க தைச்சா இப்படியா இருக்கும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவ்வளவுதான். மூலையில் துணி போர்த்திக் கிடந்த மிஷினுக்கு எண்ணெய் விட்டார். காற்று போக வலைத்துணி, மெத்தென்று இருக்க ஸ்பான்ஜ், நிமிர்த்திப் பிடிக்கப் பழைய குடைக் கம்பி, இழுத்து இறுக்க நாலு பட்டை. அதில் ஒரு சூட்சுமமும் வைத்தார். பக்கிள் நாலையும் பின்பக்கம் வைத்தார். தானே மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. காலையில் அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம் அவள் வந்தே ஆக வேண்டும்.

வந்தாள். முதல் வாரம் சொர்க்கம். பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க, இன்னும் இழுங்க" என்பாள். வார்த்தைக் கணக்கு அறுபதைத் தாண்டியது.

"இந்தக் கம்பி முதுகுல குத்துமே?"

"நீ குத்தாம இருந்தா சரி."

"சிரிக்காதீங்க, கட்டறப்ப ஆடுது. கம்பியைக் கொஞ்சம் வளைச்சு விடுங்க. கீழ் ஸ்பான்ஜ் இடது பக்கம் தடியா இருக்கட்டும். சுத்தளவு லூசு, ரெண்டு விரக்கடை பிடிங்க."

அவருக்கோ வலி எங்கே என்றே தெரியாது. அவள் சொன்ன இடமெல்லாம் வலிக்கிறது என்று தலையாட்டினார். பகல் முழுக்கப் பிரிப்பார், தைப்பார். ஃபிரிட்ஜ் என்ன சொன்னாலும் காதில் விழவில்லை.

மூன்றாவது வாரம், "பக்கிளை முன்னாடி வைங்க" என்றாள்.

"பின்னாடி இருந்தாத்தான் பிடிப்பு நல்லா இருக்கும்!"

"நான் இல்லாதப்ப அவசரம்னா யாரு அவுப்பா? தபால்காரரையா கூப்பிடுவீங்க?"

பிரித்து முன்னால் வைத்தார். காலை அஞ்சு நிமிஷமும் சாயங்கால அஞ்சு நிமிஷமும் போயின. வார்த்தைக் கணக்கு மறுபடி இருபத்து மூன்றுக்கு இறங்கியது.

சுற்றளவை இன்னும் நன்றாகப் பிடிக்கும்படி அவள் சொன்ன கடைசித் திருத்தத்தையும் முடித்து, ஒரு திங்கட்கிழமை காலை மாட்டிப் பார்த்தார். எக்கினார். மூச்சைப் பிடித்தார். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் வயிறு நின்றது.

"சுருங்கிடுச்சு போலிருக்கே?"

"குடுங்க இங்க." வாங்கித் தன் இடுப்பில் சுற்றினாள். க்ளிக், க்ளிக், க்ளிக், க்ளிக். நிமிர்ந்தாள். இவள் இவ்வளவு உயரமா என்று அவருக்குத் தோன்றியது.

"உனக்கா வலி?"

"ரெண்டு வருஷமா. நாள் பூரா நின்னுக்கிட்டே மூட்டை பிரிக்கறேனே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தைச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன். 'பார்க்கலாம்'னீங்க. ரெண்டாம் தடவை கேட்டேன். பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டீங்க."

சாயங்காலம் வந்ததும் பாயில் மல்லாந்த அந்த உருவம் கண் முன்னால் வந்தது. அந்த ஒன்பது 'ம்'மும் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவை.

"எனக்கு வலியில்லன்னு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. வலிக்கிறவங்க எங்க வலிக்குதுன்னு பொண்டாட்டிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டாங்க" என்றாள். சிரித்தாள். செருப்பை மாட்டக் குனிந்தாள், முனகாமல் நிமிர்ந்தாள். போய்விட்டாள்.

மிஷின் மேல் தைக்க ஒன்றும் இல்லை. அவர் துணியை எடுத்து அதைப் போர்த்தினார். ஃபிரிட்ஜ் 'டர்ர்' என்றது. ஜன்னலுக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். ஒன்பது பஸ் போயிற்று.

பன்னிரண்டரைக்கு ஃபோன் அடித்தது. அவள்! இத்தனை வருஷத்தில் ஆபீஸிலிருந்து அவள் கூப்பிட்டதே கிடையாது. ஓடிப்போய் எடுத்தார்.

"சொல்லு, சொல்லு! எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்குங்க. காலையிலேருந்து ஒரு இழுப்பு இல்லை."

"இன்னிக்கு நானே சமைச்சு வைக்கறேன். நீ வந்ததும் உக்காந்து பேசலாம்."

"பேசலாம். இப்பவே பேசணும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். "பேசு! எனக்கென்ன வேலை? எவ்வளவு நேரம் வேணா பேசு."

"நான் இல்லைங்க. இங்க பதினாலு பேர் வரிசையில நிக்கறாங்க, ஒருத்தர் ஒருத்தரா ஃபோனைக் குடுக்கறேன். இடுப்பளவை எழுதிக்கோங்க."