சில்லு வைத்த மவுஸும் பெரிய குசினியும்

வெள்ளவத்தையில் ஊராருக்கெல்லாம் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கும் கதிர்காமநாதன், சொந்த வீட்டிலாவது தான் நினைத்தபடி ஒன்றைக் கட்டிக் காட்டுவது என்று தீர்மானித்தார். வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் எழும்பப் போகின்றன. ஒன்று விசாலமானது, கடற்காற்று வரும் யன்னலோடு. மற்றது அலுமாரியை விடக் கொஞ்சம் பெரிது. பெரியது தன் ஒபிஸ், சின்னது சமையலுக்குக் குசினி. அவர் மனதில் அது முடிந்த காரியம். மனைவி நேசமலரிடம் சொல்வதுதான் பாக்கி.

சொல்லத்தான் பயம். இப்போதிருக்கும் குசினியில் பிரிட்ஜைத் திறந்தால் நேசமலர் வெளியே வந்து நிற்கவேண்டும். பெரிய குசினி அவளுக்குக் கலியாணம் முடித்த நாள் தொட்டு உள்ள ஆசை.

வழி காட்டியது ஒரு மவுஸ். நடுவில் உருளும் சில்லு வைத்த புது மவுஸ். வாங்கி வரும் வழியில் சோதனைச் சாவடி ஆமிக்காரன் அதை வயரில் பிடித்துத் தூக்கி, "மேக்க மொக்கக்த?" என்று சிங்களத்தில் இது என்னவென்று விசாரிக்க, இது கொம்பியூட்டர் சாமான், வெடிக்காது என்று வெயிலில் நின்று விளங்கப்படுத்திக் கொண்டுவந்தது. வீட்டில் கொம்பியூட்டரில் பூட்டினால், சில்லை உருட்ட உருட்டப் பிளான் மேலும் கீழும் ஓடியதே தவிரப் பெரிதாகவில்லை. செற்றிங்ஸைத் தேடிப்பிடித்துச் சில்லை 'சூம்' ஆக்கினார். முன்னால் உருட்டப் படம் சிறுத்தது. திசையை மாற்றினார். இப்போது விரல் பட்டதும் கக்கூஸ் கதவு திரை முழுக்க வந்து நின்றது. வேகத்தைக் குறைத்தார். அதன்பிறகு அறைகள் அவர் விரலுக்கு ஊதின, வற்றின. அப்போதுதான் அந்தக் கள்ளப் புத்தி வந்தது.

அளவு எண்களை எல்லாம் மறைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நேசம், இஞ்ச வாரும். உம்மட குசினியைப் பாரும்."

சில்லை முன்னால் உருட்டினார். சின்ன அறை திரையை நிறைத்தது.

"ஐயோ, இவ்வளவு பெரிசோ?"

"பின்ன? உமக்கில்லாமல் ஆருக்கு?"

"அப்ப உங்கட ஒபிஸ்?"

குசினி திரைக்கு வெளியே போகும்படி படத்தை நகர்த்தி, சில்லைப் பின்னால் உருட்டினார். பெரிய அறை தீப்பெட்டி போல மூலையில் கிடந்தது.

"பாவமப்பா நீங்கள்."

"எனக்கென்ன, ஒரு மேசை போட இடமிருந்தால் காணும்" என்றார் தியாகி.

நேசமலர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, குசினிக் கதவால யானையே போகும். ஒபிஸ் கதவால பூனைதான் போகும் போல. ரெண்டும் ஒரே அளவுக் கதவெண்டுதானே மேசன் றொபேட் பாஸ் சொன்னவர்?"

"அது... டிசைன் அப்பிடி."

"ஓ, டிசைன்."

நேசமலர் திரையை விட்டு விலகினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"எனக்கு மனம் கேக்குதில்லையப்பா. நாள் முழுக்க இருந்து வேலை செய்யிற மனுசன். அந்தப் பெரிசை நீங்கள் எடுங்கோ. எனக்கு இந்தச் சின்னன் காணும்."

கதிர்காமநாதன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"சேச்சே, உமக்கெண்டு பாத்துப் பாத்துக் கீறினது..."

"அவ்வளவு பெரிசை ஆர் கூட்டித் துடைக்கிறது? பேரை மாத்துங்கோ."

"நேசம், நான் என்ன சொல்லுறனெண்டால்..."

"ஏன், அந்த அறையில ஏதும் பிழை இருக்கோ?"

இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அறையோடு மானமும் போகும். பெயர்களை மாற்றினார். அச்சடித்த தாளில் இரண்டு அறைகளும் தங்கள் சொந்த அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நேசமலர் அதைப் பார்த்தாள். நேரே பின்வளவுக்குப் போய், கல் அடுக்கிக்கொண்டிருந்த மேசன் றொபேட் பாஸின் கையில் கொடுத்தாள்.

கடற்காற்று இப்போது குழம்புச் சட்டிக்கு அடிக்கிறது. ஒபிஸில் கதிர்காமநாதன் கதிரையைப் பின்னால் தள்ளினால் சுவர் இடிக்கும், முன்னால் இழுத்தால் வயிறு இடிக்கும். ஒருநாள் தேத்தண்ணியோடு வந்த நேசமலர், உள்ளே கால்வைக்க இடமில்லாமல் வாசலில் நின்றபடி கோப்பையை நீட்டினாள்.

"நெருக்கமாக் கிடக்கோ?"

"ம்."

"அந்தச் சில்லை ஒருக்கா முன்னால உருட்டிப் பாருங்கோவன்."