பின்வாசல் வைத்த கம்ப்யூட்டர்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் மனித நாகரிகம் தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர் தல்லாகுளம் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், வீடில்லாதவர்களுக்கு மனைப் பட்டா வழங்கும் எங்கள் குடிமனை நல உப கண்காணிப்பகத்தின் ஒரே கம்ப்யூட்டரில் 'பேக்கப் பார்ட்டிஷன்' போட்ட நாளைத்தான் எழுதியிருப்பார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துவிட வேண்டும். முன்வாசல் என்றைக்காவது அடைத்துக்கொண்டால் பின்வாசல் வழியாகக் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கண்காணிப்பாளர் சிவபாண்டி சார் இதற்காகவே ஐந்து கூட்டங்கள் நடத்தினார். நான்கில் வடை நன்றாக இருந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே அலுவலகத்தில் பூஜை போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதற்கு முதல் நாள் வேலை ஆரம்பமானது. ஆபரேட்டர் முத்திருளன் தலையைச் சொறிந்தான்.

"சார், பார்ட்டிஷன் போட எடம் பத்தல. மனு, எடத்த அளந்த படம்னு அம்புட்டும் உள்ள அடைச்சுக் கெடக்கு."

"நாளைக்குப் பூஜைய வச்சுக்கிட்டு வீட்டுல என்னப்பா செய்வ? ஒட்டடை அடிச்சுக் கழுவிட்டுத்தான சந்தனம் வைப்ப?"

"ஆமா சார்."

"அப்பக் கழுவு."

"சார், அதக் காப்பாத்தி வைக்கத்தான இதப் போடுறோம்?"

"மொதல்ல எடத்தப் பண்ணுப்பா. வைக்கிறதப் பெறகு பாத்துக்கலாம்."

என்ன ஒரு நிர்வாகப் பார்வை! எனக்குப் புல்லரித்துவிட்டது. முத்திருளன் கழுவினான். மனுக் காகிதங்களை, கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று போன வருஷமே எடைக்குப் போட்டிருந்தோம்.

மறுநாள் நல்ல நேரத்தில் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அப்போது வாசலில் முத்துச்செல்வி நின்றார். அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் குடும்பத்துக்கு முதன்முதலாகக் கிடைக்கவிருந்தது மூன்று சென்ட் வீட்டுமனை. பக்கத்துத் தோப்புக்காரர் அதற்குள் கல் ஊன்ற ஆரம்பித்திருந்தார். பட்டா கைக்கு வந்தால்தான் கல்லைப் பிடுங்க முடியும்.

"பூஜை முடியட்டும்மா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பிறகு எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். புதுப் பார்ட்டிஷனில் முதலில் குடியேறியது அந்தப் படம்தான்.

அதற்கப்புறம் எந்த மனுவையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆகவே ஒரு குறையும் தெரியவில்லை. தை மாதம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அன்றைக்கென்று முத்துச்செல்வி வந்தார்.

"சார், தோப்புக்காரரு கம்பி வேலியே போட்டுட்டாரு. இன்னைக்காவது பட்டாவக் குடுங்க சார்."

நாங்கள் புன்னகைத்தோம். இந்த நாளுக்காகத்தானே அத்தனை வடை! முத்திருளன் பொத்தானை அழுத்தினான். பின்வாசல் திறந்தது. திரை பளிச்சென்று எழுந்தது. கைதட்டினோம்.

எல்லாம் ஓய்ந்தபின் தேடினால், அவருடைய மனு இல்லை. அளந்த படம் இல்லை. யாருடையதும் இல்லை.

"அதுக்கென்னம்மா, புதுசா மனு குடு. மறுபடி அளந்துருவோம்" என்றார் சிவபாண்டி சார்.

"வேலி போட்ட எடத்துக்குள்ள எப்பிடி சார் போயி அளப்பீங்க?"

இப்படிக் குதர்க்கம் பேசும் பொதுமக்களிடம் சாதனையைக் கண்ணில் காட்டிவிடுவதுதான் முறை. சார் சைகை காட்ட, முத்திருளன் உள்ளேயிருந்த ஒரே படத்தைத் திறந்தான். பூசணிக்காய், கற்பூரம், நாங்கள்.

முத்துச்செல்வி குனிந்து பார்த்தார்.

"பின்னால வாசல்ல நிக்கிறது நாந்தான சார்?"

"அட, ஆமா!" சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாம்மா, ஒரு புள்ளி அழியல. இதுதான் பேக்கப்!"

"ஆமா சார். எந்நெலத்த அழிச்சுட்டு, நான் நின்னத மட்டும் அழியாம வச்சிருக்கீங்க."